மறந்துபோகும் ஷார்ட்கட்டுகளுக்கு அன்கியும் ஒரு இண்டெக்ஸ் நோட்டும்: வடசென்னை டிராப்ட்ஸ்மேன்களுக்கு ஒரு மதிப்புரை

அன்கி, கேள்வி-பதில் கார்டுகளைக் காட்டி மனப்பாடம் செய்ய உதவும் நல்ல ஆப். காசில்லாமல் கிடைக்கிறது, விளம்பரம் கிடையாது, நெட் இல்லாமலும் ஓடும். ஆனால் டிராயிங் போடும் ஆட்டோகேட், டிசைன் செய்யும் கோரல்டிரா மாதிரி பெரிய மென்பொருளில் வேலை செய்கிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த டிப்ஸ் அத்தனையையும் அதற்குள் கொட்டினால், இரண்டே மாதத்தில் வெறுத்துப்போய் அழித்துவிடுவார்கள். ஞாபகத்தில் நிற்க வேண்டியது வேறு, தேடினால் கிடைக்க வேண்டியது வேறு. முதலாவதற்கு அன்கி. இரண்டாவதற்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வாங்கும் ஒரு இண்டெக்ஸ் நோட்டு. இரண்டையும் சேர்த்தே இங்கே எடை போடுகிறோம், ஏனென்றால் தனித்தனியாக இரண்டுமே அரைகுறை.

அன்கி என்பது ஜப்பானியச் சொல், மனப்பாடம் என்று பொருள். டேமியன் எல்ம்ஸ் 2006-ல் வெளியிட்டார். கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டு போனிலும் இலவசம். ஐபோனுக்கு மட்டும் ஒரே ஒரு தடவை காசு கட்ட வேண்டும். ஆண்ட்ராய்டில் "அன்கிட்ராய்டு" என்று தேடுங்கள். அன்கி என்ற சொல்லைப் பெயரில் ஒட்டிக்கொண்ட வேறு ஆப்களும் கடையில் இருக்கின்றன. மாதச் சந்தா கேட்டால் நீங்கள் இறக்கியது இது இல்லை. வேலை எளிது: கார்டின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். பதில் ஞாபகம் வந்ததா இல்லையா என்று நீங்கள் பட்டனில் சொல்வதை வைத்து, அந்தக் கார்டை நாளைக்குக் காட்டுவதா, பத்து நாள் கழித்தா, மூன்று மாதம் கழித்தா என்று அதுவே கணக்குப் போடும்.

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் டேங்க், பைப் ரேக், பிளாட்பாரம் என்று பேப்ரிகேஷன் டிராயிங் போடுகிறவர்களுக்கும், மண்ணடி, ஆண்டர்சன் தெரு வட்டாரத்தில் கோரலில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறவர்களுக்கும் தேவை ஒன்றுதான். வேலை நடுவில் ஒரு கோளாறு வரும். அதற்கு மருந்து ஒரே வரியில் இருக்கும். அந்த வரி எப்போதோ கேட்டதுதான், எங்கேயோ எழுதி வைத்ததுதான். அந்த நேரத்தில் மட்டும் கைக்கு வராது.

காரணம் மறதி மட்டுமில்லை. டிப்ஸை நாம் கமாண்ட் பெயரில் எழுதி வைக்கிறோம், தேடும்போதோ கோளாறை வைத்துத் தேடுகிறோம். "ஃபைல்டயா" என்ற சொல்லே மறந்திருக்கும்போது நோட்டில் "எஃப்" பக்கத்தைத் திருப்பி என்ன செய்வது? அதனால் அன்கியிலும் சரி, நோட்டிலும் சரி, விதி ஒன்றே: முன்னால் கோளாறு, பின்னால் கமாண்ட்.

ஒரு கார்டைக் கிட்டத்தில் பார்ப்போம். முன்பக்கம்: "ஓபன் கொடுத்தால் பெட்டி திறக்கவில்லை. கீழே கமாண்ட் லைனில் ஃபைல் பெயரைக் கேட்கிறது." பின்பக்கம்: "ஃபைல்டயா, என்டர், 1, என்டர்." அதற்குக் கீழே ஒரு வரி: "லிஸ்ப் அல்லது ஸ்கிரிப்ட் (கமாண்டுகளைத் தானாக ஓட்டும் சிறு நிரல்) ஓடும்போது இதை 0 ஆக்கும், நடுவில் எஸ்கேப் அடித்தால் 1-க்குத் திரும்பாமல் நின்றுவிடும்." இந்தக் கடைசி வரியை யாரும் எழுதுவதில்லை. ஆனால் ஞாபகம் நிற்பதே இதனால்தான். காரணம் தெரிந்தால், அடுத்த தடவை பெட்டி வராதபோது "யாரோ லிஸ்ப்பைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள்" என்று தோன்றும். அந்த எண்ணத்தின் பின்னாலேயே கமாண்டும் வந்துவிடும்.

மிர்ரர் போட்டதும் எழுத்து இடவலமாகத் திரும்பி நின்றால் மிர்டெக்ஸ்ட் 0. இரண்டாவது பொருளைத் தொட்டதும் முதலாவதன் தேர்வு விட்டுப்போனால் பிக்ஆட் 0-வாகிக் கிடக்கிறது, அதை 2 ஆக்க வேண்டும். கமாண்ட் லைனே காணாமல் போனால் கன்ட்ரோல்+9. வெளியிலிருந்து வந்த பிளாக்கை (ஒரே பொருளாகச் சேர்த்து வைத்த உருவத்தை) இன்சர்ட் செய்தால் 25.4 மடங்கு பெருத்து வருகிறதென்றால், பிளாக் அங்குலத்தில் இருக்கிறது, உங்கள் டிராயிங் மில்லிமீட்டரில் இருக்கிறது. இன்சுனிட்ஸ் பார்க்க வேண்டும், 1 என்றால் அங்குலம், 4 என்றால் மில்லிமீட்டர். கட்டிங்குக்கு டிஎக்ஸ்எஃப் ஃபைல் கொடுக்கும்முன், இரட்டைக் கோட்டை நீக்கும் ஓவர்கில் கமாண்டை ஓட்டாவிட்டால், ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரட்டைக் கோட்டை மெஷின் இரண்டு தடவை வெட்டும். இதற்கு "ஓவர்கில் என்றால் என்ன?" என்று கார்டு போடுவது வீண். "பிளேட் ஒரே இடத்தில் இரண்டு தடவை வெட்டுப்படுகிறது, டிராயிங்கில் என்ன பார்ப்பது?" என்று போடுங்கள்.

லைன்டைப் (டேஷ், புள்ளி போன்ற கோட்டு வகை) விவகாரம் ஒரு கார்டில் அடங்காது, மூன்றாக உடைக்க வேண்டும். மாடலில் டேஷ் ஒழுங்காகத் தெரியும், லேஅவுட்டில் (பிரிண்டுக்கான தாளில்) வியூபோர்ட்டுக்குள், அதாவது மாடலைக் காட்டும் ஜன்னலுக்குள், போனால் முழுக்கோடாகிவிடும். பிஎஸ்எல்டிஸ்கேல் 1-ல் இருக்கும்போது டேஷ் நீளத்தைப் பெருக்கும் எல்டிஸ்கேலை 50, 100 என்று ஏற்றி வைத்திருப்பதுதான் வழக்கமான காரணம். பேப்பர் அளவில் டேஷ் அத்தனை மடங்கு நீண்டு, கோடு முடியும்வரை இடைவெளியே வராது. எல்டிஸ்கேல் 1, பிஎஸ்எல்டிஸ்கேல் 1, பிறகு திரையைப் புதிதாக வரையும் ரீஜென்ஆல். இது முதல் கார்டு. இப்போது மாடலில் டேஷ் பொடியாகி முழுக்கோடு மாதிரி தெரியும். அதற்கு எம்எஸ்எல்டிஸ்கேல் 1 வைத்து, அனோடேஷன் ஸ்கேலை டிராயிங் ஸ்கேலுக்கு மாற்ற வேண்டும். இது இரண்டாவது. மாற்றியும் திரையில் ஒன்றும் நடக்கவில்லையா, ரீஜென் கொடுக்கவில்லை. இது மூன்றாவது. மூன்றையும் ஒரே கார்டில் எழுதினால் இரண்டு ஞாபகம் வரும், ஒன்று வராது. எந்தப் பட்டனை அழுத்துவது என்று தெரியாமல் அன்கியின் கணக்கே கெடும்.

எதற்குக் கார்டு போடுவது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கோட்டுக்கு எல், வட்டத்துக்கு சி, மூவுக்கு எம், டிரிம்முக்கு டிஆர் என்று தினமும் அடிப்பதற்குக் கார்டே வேண்டாம், கை தானாகப் படித்துக்கொள்ளும். வருஷத்துக்கு ஒரு தடவை வருவதற்கும் வேண்டாம், அது நோட்டுக்குப் போக வேண்டியது. வாரத்துக்கு ஒரு தடவை முதல் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வரை எட்டிப் பார்க்கும் விஷயங்களுக்கு மட்டும்தான் கார்டு. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு வாரத்துக்குக் கீபோர்டு பக்கத்தில் ஒரு தாள் வையுங்கள். தடுமாறிய ஒவ்வொரு இடத்தையும் ஒரு வரியாகக் குறியுங்கள். பிரச்சினை தீர்ந்ததும் எஃப்2 அழுத்தினால் நீங்கள் அடித்த கமாண்டுகள் வரிசையாக நிற்கும். அதிலிருந்தே சரியான எழுத்தைக் காப்பி எடுக்கலாம். வாரக் கடைசியில் பத்துப் பதினைந்து வரி சேரும். அதுதான் உங்கள் முதல் கட்டு. நெட்டில் கிடைக்கும் ஐந்நூறு கார்டு ஆட்டோகேட் கட்டுகளை இறக்காதீர்கள், உங்களுக்கு வராத கோளாறுக்கு மருந்து மனப்பாடம் செய்து பயனில்லை.

இனி அன்கிக்குள் செய்ய வேண்டியவை. புதிய டெக் (கார்டுக் கட்டு) ஒன்று தொடங்கியதும் பக்கத்திலுள்ள பல்சக்கரத்தைத் தட்டி ஆப்ஷன்ஸ் போங்கள். நாளைக்கு 20 புதிய கார்டு என்றிருக்கும். அது பரீட்சைக்குப் படிக்கும் மாணவனுக்கான அளவு. 5 ஆக்குங்கள். 60 கார்டு 12 நாளில் முடிந்துவிடும், அவசரமே இல்லை. ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை வந்து மூச்சுவிட நேரமில்லாத வாரங்களில் அதை 0 ஆக்கிவிட்டுப் பழைய கார்டுகளை மட்டும் பாருங்கள். அப்படியே விட்டுவிட்டால் பாக்கி சேர்ந்து, திரும்பத் திறக்கவே மனசு வராது.

கார்டு வகையில் "பேசிக்" போதும். "பேசிக், ரிவர்ஸ்டு" என்பதைத் தொடாதீர்கள். கமாண்டைக் காட்டிக் கோளாறைக் கேட்கும் திருப்புக் கார்டு வேலையில் ஒருநாளும் தேவைப்படாது, நேரம்தான் இரட்டிப்பாகும். சிஸ்டம் வேரியபிள் (ஃபைல்டயா, மிர்டெக்ஸ்ட் மாதிரி 0, 1 என்று மதிப்பு வைக்கும் அமைப்பு) பெயர்களுக்கு மட்டும் "டைப் இன் தி ஆன்சர்" வகை நல்லது, ஏனென்றால் வேலையில் அதை எழுத்துப் பிசகாமல் அடிக்கத்தான் வேண்டும். தப்பான எழுத்தைச் சிவப்பாகக் காட்டும். பதிலைச் சின்ன எழுத்தில் எழுதி வையுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தையும் அது தப்பாக எண்ணும். போன் கீபோர்டு முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கினால் சரியான பதிலும் சிவப்பாகும்.

"ஏன்" என்ற காரண வரிக்குத் தனி ஃபீல்டு சேர்ப்பது நல்லது. டூல்ஸில் மேனேஜ் நோட் டைப்ஸ், அதில் பேசிக், ஃபீல்ட்ஸ், ஆட். இதோடு நிறுத்திவிட்டு, எழுதிய வரி கார்டில் தெரியவில்லை என்று பலர் குழம்புகிறார்கள். ஃபீல்டைச் சேர்த்தால் மட்டும் போதாது. "கார்ட்ஸ்" பட்டனைத் தட்டி, பேக் டெம்ப்ளேட்டில் இரட்டை நெளிவு அடைப்புக்குள் அந்த ஃபீல்டின் பெயரையும் எழுத வேண்டும். டேக் வைக்கும்போது "ஆட்டோகேட்::பிளாட்" என்று இரட்டை முக்காற்புள்ளி போட்டால் தலைப்புக்குள் தலைப்பாக அடுக்கிக்கொள்ளும். டேகுக்குள் இடைவெளி விடக்கூடாது, விட்டால் இரண்டு டேக்காகப் பிரிந்துவிடும்.

எக்செலில் ஏற்கெனவே பட்டியல் வைத்திருப்பவர்கள் சேவ் ஆஸ் போய் "சிஎஸ்வி யுடிஎஃப்-8" என்பதையே தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வியில் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். இன்னொரு கண்ணி: முதல் நெடுவரிசை ஒரேமாதிரி இருந்தால் அன்கி அதைப் பழைய கார்டு என்று நினைத்து மேலெழுதிவிடும். "பிளாட் தப்பாக வருகிறது" என்று ஏற்கெனவே ஒரு கார்டு இருந்தால், புதிதாக வரும் அதே வரி அதன் பழைய பதிலை அழித்துவிடும். கோளாறைத் தெளிவாக, வேறுபடுத்தி எழுத இது இன்னொரு காரணம்.

பட்டன் நான்கு: அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி. இதில் ஒரு தப்பைப் பலர் மாதக்கணக்கில் செய்கிறார்கள். பதில் ஞாபகம் வராதபோது "ஹார்ட்" அழுத்துகிறார்கள். ஹார்ட் என்றால் "வந்தது, ஆனால் சிரமப்பட்டு வந்தது" என்று பொருள். அன்கி அதைத் தேர்ச்சியாகவே எண்ணி நாளைத் தள்ளிப்போடும். மறந்துவிட்டால் அகெய்ன்தான். 2023-ல் சேர்ந்த எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்குமுறையை ஆப்ஷன்ஸில் போட்டுக்கொண்டவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், தப்பான ஹார்ட்டுகள் அதன் கணிப்பையே கோணலாக்கும். ஒரு கார்டு எட்டுத் தடவை தவறினால் "லீச்", அதாவது அட்டை, என்று முத்திரை விழும். அந்தக் கார்டோடு மல்லுக்கட்டாதீர்கள். பெரும்பாலும் கேள்வி மோசமாக இருக்கும், அல்லது ஒரே கார்டில் இரண்டு விஷயம் இருக்கும். இ விசையைத் தட்டி அங்கேயே திருத்தி எழுதலாம்.

போனும் கம்ப்யூட்டரும் சேர்ந்து ஓட அன்கிவெப் கணக்கு வேண்டும், அதுவும் இலவசம். முதல் ஒத்திசைவில் "அப்லோடா, டவுன்லோடா" என்று கேட்டால் நிதானமாகப் படியுங்கள். கார்டு எழுதிய கம்ப்யூட்டரில் அப்லோட், காலியாக இருக்கும் போனில் டவுன்லோட். மாற்றி அழுத்தினால் காலிப் பெட்டி வந்து நிறைந்த பெட்டியை அழித்துவிடும். முன்னெச்சரிக்கையாக ஃபைல், எக்ஸ்போர்ட் போய் முழுத் தொகுப்பையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தினசரிப் பழக்கத்துக்கு மெட்ரோ நல்ல இடம். விம்கோ நகரில் ஏறி சென்ட்ரலில் இறங்குகிறவருக்கு இருபது கார்டு தாராளமாக முடியும். தண்டையார்பேட்டையில் ரயில் சுரங்கத்துக்குள் போய் சிக்னல் தடுமாறினாலும் அன்கிட்ராய்டு நிற்காது, கார்டெல்லாம் போனுக்குள்ளேயே இருக்கின்றன. வெளியே வந்ததும் ஒத்திசைத்தால் சரி. நின்றுகொண்டே போகிறவர்கள் டைப் அடிக்கும் கார்டுகளில் மனசுக்குள் சொல்லிப் பார்த்து விடையைத் திறக்கலாம்.

ஆட்டோகேடும் கோரலும் இரண்டையும் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு ஆபத்து. கோரலில் கன்ட்ரோல்+க்யூ என்றால் எழுத்தை வளைகோடாக்குவது. தமிழ் ஃபான்ட் இல்லாத பிரஸ் கம்ப்யூட்டரில் எழுத்து உடைந்துபோகாமல் இருக்க, ஃபைல் அனுப்பும்முன் எல்லாரும் அழுத்துவது. ஆட்டோகேடில் அதே கன்ட்ரோல்+க்யூ மென்பொருளையே மூடப் பார்க்கும். எஃப்8 கோரலில் டெக்ஸ்ட் டூல், ஆட்டோகேடில் ஆர்த்தோ. எஃப்7 அங்கே நீள்வட்டம், இங்கே கிரிட். எஃப்10 அங்கே ஷேப் டூல், இங்கே போலார். இவற்றை ஒரே டெக்கில் மென்பொருள் பெயர் இல்லாமல் போட்டால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். ஒவ்வொரு கார்டின் முதல் சொல்லாகவும் மென்பொருளின் பெயர் இருக்கட்டும். கன்ட்ரோல்+க்யூ கார்டின் பின்பக்கத்தில் இன்னொரு வரியும் வேண்டும்: வளைகோடாக்கிய ஃபைலை வேறு பெயரில் சேமி. முகூர்த்த நேரத்தில் ஒரு எழுத்து மாற்ற வேண்டி வந்தால் வளைகோட்டில் திருத்த முடியாது, பழைய ஃபைல்தான் கைகொடுக்கும்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இன்னொரு கார்டு கட்டாயம்: "எந்த ஷார்ட்கட் அடித்தாலும் தெரியாத கமாண்ட் என்கிறது." தமிழ்99 கீபோர்டு ஆனில் இருக்கிறது, விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டி ஆங்கிலத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. மென்பொருளைத் திரும்ப இன்ஸ்டால் செய்யும் அளவுக்கு ஆட்களை இது அலைக்கழித்திருக்கிறது.

இனி நோட்டு. ஓரத்தில் படிப்படியாக வெட்டிய இண்டெக்ஸ் நோட்டு, நீளமான சைஸ், கெட்டி அட்டை. ஆண்டர்சன் தெருவில் கணக்கு நோட்டு விற்கும் கடைகளில் கேளுங்கள். தாளைத் தொட்டுப் பாருங்கள். மெலிசான தாளில் ஜெல் பேனா மறுபக்கம் ஊறும். அச்சிட்ட ஏ, பி, சி படிகளின்மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, கோளாறுத் தலைப்பு எழுதுங்கள்: பிளாட், டைமென்ஷன், லேயர், பிளாக், ஹேட்ச், யூனிட், ஃபைல் கெட்டது, புது வெர்ஷன். எட்டுப் பத்துக்கு மேல் வேண்டாம். இருபது தலைப்பு வைத்தால் எதில் எழுதினோம் என்று தேடுவதே வேலையாகும்.

ஒவ்வொரு பதிவுக்கும் கோளாறு, மருந்து, காரணம், எந்த வெர்ஷன் என்று நான்கு வரி. கடைசி வரியை விட்டால் நோட்டு பொய் சொல்லத் தொடங்கும். 2021 வெர்ஷனில் டிரிம் மாறிவிட்டது. முன்பு வெட்டும் விளிம்பைத் தேர்ந்து என்டர் தட்ட வேண்டும், இப்போது நேராக வெட்டத் தொடங்கிவிடும். பழையபடி வேண்டுமென்றால் டிரிம்எக்ஸ்டென்ட்மோடு 0. வெர்ஷன் குறிக்காத நோட்டைப் பார்த்துப் படிக்கிற புதுப் பையன் இதில் மாட்டிக்கொள்வான்.

"ஃபைல் கெட்டது" பக்கம் முழுக்க நோட்டுக்கே உரியது, கார்டுக்கு உகந்ததில்லை. ரெக்கவர் ஓட்டு, ஆகவில்லையா, முந்தைய சேமிப்பின் காப்பியான பேக் (பிஏகே) ஃபைலின் பெயரில் கடைசி மூன்றெழுத்தை டிடபிள்யூஜி என்று மாற்றித் திற, அதுவும் இல்லையா, ஆட்டோசேவ் ஃபோல்டரில் எஸ்வி டாலர் ஃபைலைத் தேடு. ஆட்டோசேவ் இயல்பாகவே 10 நிமிடத்துக்கு ஒரு முறை, சேவ்டைம் அடித்து மாற்றலாம். பதற்றத்தில் இருப்பவருக்கு வரிசையாகப் பார்த்துச் செய்ய ஒரு தாள் எதிரில் இருப்பதுதான் உதவும்.

நோட்டின் குறை வெளிப்படை: தேடும் வசதி இல்லை, தொலைந்தால் போனதுதான். மாதம் ஒரு தடவை பக்கங்களைப் போனில் படமெடுத்து வையுங்கள்.

ஷார்ட்கட்டை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேனேஜ் டேபில் எடிட் ஏலியாசஸ் தட்டினால் ஏகேட் டாட் பிஜிபி என்ற எழுத்து ஃபைல் திறக்கும். ஒவ்வொரு வரியும் சுருக்கெழுத்து, காற்புள்ளி, நட்சத்திரம், கமாண்ட் என்ற அமைப்பில் இருக்கும். உங்கள் வரிகளைக் கடைசியில், பயனருக்கென ஒதுக்கிய இடத்தில் எழுதுங்கள். ஒரே எழுத்து இரண்டு தடவை வந்தால் பின்னால் வருவதே செல்லும். சேமித்துவிட்டு ரீஇனிட் அடித்து, பிஜிபி ஃபைல் என்பதில் டிக் போட்டால் மென்பொருளை மூடாமலே நடைமுறைக்கு வரும். சி என்றால் காப்பி என்று மாற்றுகிறவர்கள் உண்டு. அதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. சைட் ஆபீஸில் வேறொருவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் காப்பிக்குப் பதில் வட்டம் வந்து நிற்கும். எழுத்து எதுவும் ஒதுக்கப்படாத நீளமான கமாண்டுகளுக்கு மட்டும் புதிதாகக் கொடுங்கள். மென்பொருளை ரீசெட் செய்தால் உங்கள் வரிகள் போய்விடும், அதனால் அந்த ஃபைலின் ஒரு காப்பி அன்கித் தொகுப்பு இருக்கும் பென் டிரைவிலேயே இருக்கட்டும்.

ஷார்ட்கட் அச்சிட்ட மவுஸ் பேட், கீபோர்டு ஸ்டிக்கர், லேமினேட் செய்த சார்ட் இவையெல்லாம் படிக்கத் தொடங்கும் முதல் மாதத்துக்குச் சரி. அதன்பின் அவற்றில் இருப்பதெல்லாம் தெரிந்திருக்கும், தேவைப்படுவது எதுவும் அவற்றில் இருக்காது. தனக்குத்தானே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வது எழுத்தாக இருந்தால் தேடிப் பிடிக்கலாம், வாய்ஸ் நோட்டாக இருந்தால் தொலைந்தது.

ஆட்டோகேடை மாதம் ஒரு தடவை மட்டும் திறக்கிற சூப்பர்வைசருக்கு அன்கி வேண்டாம், நோட்டு மட்டும் போதும். தினமும் எட்டு மணி நேரம் அதில் உட்காருகிறவர் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். நோட்டிலிருந்து ஒரே பக்கத்தை மூன்றாவது தடவையாகத் திருப்பும் நாளில் அந்த வரிக்கு அன்கியில் ஒரு கார்டு போட்டுவிட்டு, நோட்டில் அதன் ஓரத்தில் ஒரு டிக் அடியுங்கள்.